ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ரோமியோ ஜூலியட் சாவுக்குக் காரணம் விதியா, அவசரமா?
தர்மபுரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தக் கேள்வி வகுப்பிலும் வரும். அவசரத்துக்குத்தான் பெரிய பங்கு என்பேன்.

நாட்களை எண்ணிப் பாருங்கள். ஞாயிறு இரவு விருந்தில் சந்திப்பு, திங்கள் ரகசியத் திருமணம். அன்றைக்கே சண்டையில் ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டைக் கொன்று ரோமியோ ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறான். வியாழன் இரவு கல்லறையில் இருவரும் பிணம். ஜூலியட்டுக்கு 14 வயதுகூட நிரம்பவில்லை.

விதி என்றால் ரோமியோவுக்குப் போய்ச் சேராத அந்தக் கடிதம்தான். ஜூலியட் குடித்தது செத்தது போலக் காட்டும் 42 மணி நேர மயக்க மருந்து என்ற சேதியோடு, திருமணம் செய்துவைத்த துறவி லாரன்ஸ் அனுப்பிய இன்னொரு துறவியை, கொள்ளைநோய் பயத்தில் ஒரு வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். கதை நடக்கும் வெரோனாவிலிருந்து ரோமியோ போயிருந்த மாந்துவா, ஏறக்குறைய இங்கிருந்து கிருஷ்ணகிரி போகிற தூரம். அவ்வளவுதான். இந்த இடத்தில் வகுப்பே அமைதியாகிவிடும், எனக்கும் தொண்டை அடைக்கும்.

சரி, கடிதம் தவறியது விதி. அதற்கப்புறம்? துறவி லாரன்ஸிடமிருந்து கடிதம் உண்டா என்று, ஜூலியட் இறந்துவிட்டாள் எனச் சொல்ல வந்த வேலைக்காரனைக் கேட்கிறான் ரோமியோ. இல்லை என்றதும் அவரைப் போய்ப் பார்க்காமல் விஷம் வாங்கிக்கொண்டு கல்லறைக்கே போகிறான். அவன் இறந்த சற்று நேரத்தில் அவள் கண் விழிக்கிறாள்.

இரண்டு குடும்பத்துப் பகை இல்லையென்றால் ரகசியமே தேவைப்பட்டிருக்காது. பெரியவர்களின் இந்தப் பங்கைப் பிள்ளைகள் விடைத்தாளில் எழுத மறந்துவிடுகிறார்கள்.