வால் ஸ்ட்ரீட் இப்போது எங்கே இருக்கிறது?

கேள்வி: எல்லா வர்த்தகமும் கம்ப்யூட்டருக்குப் போய்விட்ட பிறகு நியூயார்க், லண்டன் போன்ற நிதி மையங்கள் எதற்கு?

பதில்: பங்கு வர்த்தகத்தின் பெரும்பகுதி நியூயார்க்கைவிட்டு எப்போதோ கிளம்பிவிட்டது. நியூயார்க் பங்குச் சந்தையில் ஆர்டர்களைப் பொருத்தும் சர்வர்கள் இருப்பது நியூ ஜெர்சி மாநிலத்தின் மாவா என்ற சிற்றூரில். இன்னொரு பங்குச் சந்தையான நாஸ்டாக்கின் சர்வர்கள் அதே மாநிலத்தில் கார்ட்டரெட்டில். 2020 மார்ச் 23 அன்று கொரோனாவால் வால் ஸ்ட்ரீட்டில் உள்ள நியூயார்க் சந்தையின் வர்த்தகக் கூடத்தை மூடினார்கள். வர்த்தகம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

அவ்வளவு எளிதில் நகராதது கிளியரிங், அதாவது ஒப்பந்தத்தின் இரு தரப்புக்கும் நடுவில் ஒரு நிறுவனம் (கிளியரிங் ஹவுஸ்) நின்று கணக்கைத் தீர்த்துவைக்கும் வேலை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பின் 2021 ஜனவரியிலேயே பங்கு வர்த்தகத்தில் ஆம்ஸ்டர்டாம் லண்டனை முந்தியது: தினசரி சராசரி 920 கோடி யூரோ, லண்டனில் 860 கோடி. ஆனால் யூரோ வட்டி ஸ்வாப்களின் (நிலையான வட்டியையும் மாறும் வட்டியையும் பரிமாறிக்கொள்ளும் ஒப்பந்தங்களின்) கிளியரிங்கில் பெரும்பகுதி லண்டனின் எல்சிஎச் நிறுவனத்திலேயே தங்கிவிட்டது.

காரணம் மார்ஜின், அதாவது நஷ்டத்துக்கு ஈடாகக் கட்டிவைக்கும் பணத்தின் கணக்கு. ஒரு வங்கி ஒரு தரப்போடு 100 கோடிக்கு ஸ்வாப் போட்டிருக்கிறது. இன்னொரு தரப்போடு அதே காலத்துக்கு, எதிர்த்திசையில் 98 கோடிக்கு. இரண்டும் ஒரே கிளியரிங் ஹவுஸில் இருந்தால் ஒன்றுக்கொன்று கழிந்து, மிச்சமிருக்கும் 2 கோடிக்குத்தான் மார்ஜின். ஆளுக்கொரு ஹவுஸில் இருந்தால் 198 கோடிக்கும் கட்ட வேண்டும். அதனால் எந்த வங்கியும் தனியாக வெளியேறாது. போனால் எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். அரசுகள் உத்தரவு போட்டும் இது மெதுவாகத்தான் அசைகிறது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேள்வி: இணையம்தான் எங்கும் இருக்கிறதே, சர்வர் எந்த ஊரில் இருந்தால் என்ன?

பதில்: கண்ணாடி இழையில் ஒளி 1 கி.மீ. போக 5 மைக்ரோ விநாடி ஆகும். கேபிள் 10 மீட்டர் நீண்டால் 50 நானோ விநாடி தாமதம். அதிவேக வர்த்தகர்களுக்கு அதுவும் பணம்தான். அதனால் மாவாவில் வாடிக்கையாளரின் சர்வர் அடுக்கு (ரேக்) எந்த மூலையில் இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நீளக் கேபிள்தான். பக்கத்தில் இருப்பவருடைய மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். ஐஇஎக்ஸ் என்ற சந்தை இன்னும் ஒரு படி மேலே போய், சுமார் 61 கி.மீ. இழையைப் பெட்டிக்குள் சுருட்டி, வரும் ஆர்டர்களை வேண்டுமென்றே 350 மைக்ரோ விநாடி தாமதிக்கிறது.

சிகாகோவுக்கும் நியூ ஜெர்சிக்கும் இடையே மைக்ரோவேவ் கோபுரங்களும் உண்டு. காற்றில் சிக்னலின் வேகம் இழையைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. கனமழை வந்தால் சிக்னல் விழுந்துவிடும்; அதற்காக இழையையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பங்குகளும் பத்திரங்களும் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேடான பிளாக்செயினில் டோக்கன்களாக, அதாவது டிஜிட்டல் உரிமைச் சீட்டுகளாக ஆகிவிட்டால் நகரமே தேவையில்லையே?

பதில்: டோக்கன் ஒரு பழைய நோயைக் குணமாக்கும். 1974 ஜூன் 26 அன்று ஜெர்மனியின் ஹெர்ஸ்டாட் வங்கி மூடப்பட்டபோது, மற்ற வங்கிகள் அதற்கு ஜெர்மன் நாணயமான மார்க்கைக் கொடுத்து முடித்திருந்தன. பதிலுக்கு நியூயார்க்கில் வர வேண்டிய டாலர் வரவில்லை. டோக்கனில் இரண்டு பக்கமும் ஒரே நொடியில் கைமாறும். ஆனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் முழுப் பணத்தை முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன கழித்தல் சலுகை போய்விடும்.

டோக்கன் வாங்கும் முன் மூன்றைப் பாருங்கள். அது பங்கேதானா, அல்லது பங்கை வைத்திருக்கும் நிறுவனத்தின் மீதான உரிமை மட்டுமா? டோக்கனைக் கையாளும் ரகசியச் சாவி தொலைந்தாலோ நீதிமன்றம் தடை போட்டாலோ பதிவேட்டைத் திருத்தும் அதிகாரம் யாருக்கு, எந்த நாட்டுச் சட்டப்படி? பணப் பக்கம் எதில் தீர்கிறது?

மூன்றாவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். யுஎஸ்டிசி என்பது எப்போதும் 1 டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய டிஜிட்டல் நாணயம் (ஸ்டேபிள்காயின்); அதன் கையிருப்பில் 330 கோடி டாலர், மூடப்பட்ட சிலிக்கான் வேலி வங்கியில் மாட்டிக்கொண்டது. 2023 மார்ச் 11, சனிக்கிழமை. டோக்கன் சந்தை திறந்திருந்தது, வங்கிகள் திறக்கவில்லை. 1 டாலர் காயின் 90 சென்ட்டுக்கும் கீழே போனது. அந்த வங்கியின் டெபாசிட்கள் முழுவதும் கிடைக்கும் என்று ஞாயிறு மாலை அமெரிக்க அரசு அறிவித்த பிறகு விலை ஏறக்குறைய பழைய 1 டாலருக்குத் திரும்பியது.