எட்டு பாரில் நின்றுபோன பாட்டு: வாசகர் கேள்வி பதில்

கணினியில் இசை போடும் எஃப்எல் ஸ்டூடியோ சாஃப்ட்வேரைப் பழக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. நாற்பது ப்ராஜெக்ட் சேர்ந்திருக்கிறது, ஒன்றுகூட முழுப் பாட்டு இல்லை. எல்லாமே எட்டு பார் (தாள வட்டம்) நீளத்துக்குத் திரும்பத் திரும்ப ஓடும் லூப். எனக்கு இது வராதோ?
கும்பகோணம் வாசகர்

நாற்பதுதானா? என்னிடம் அதைவிட அதிகம் கிடக்கிறது, கவலையை விடுங்கள். டெம்போ 100, அதாவது நிமிடத்துக்கு 100 பீட், பாருக்கு நாலு பீட் என்றால் எட்டு பார் வெறும் 19 விநாடி. அந்த 19 விநாடியை ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டுக் கேட்டால் காது அதிலேயே ஊறிப்போய், அடுத்து எதைக் கொண்டுவந்து வைத்தாலும் ஒட்டாத மாதிரித்தான் தோன்றும்.

அதனால் இன்றைக்கு ஒரு ப்ராஜெக்டைத் திறந்து, அந்த லூப்பைப் பத்துத் தடவை காப்பி செய்து வரிசையாகப் போட்டுவிடுங்கள். 3 நிமிடம் 12 விநாடி வந்துவிடும். இனிமேல் புதிதாக எதையும் சேர்க்காமல் அழித்துக்கொண்டே போங்கள். முதல் எட்டு பாரில் ட்ரம்ஸும் பேஸும் வேண்டாம். பல்லவி தொடங்கும் இடத்தில் ஒரு மார்க்கர் (அடையாளக் குறி), அங்கே பேஸ் உள்ளே வரட்டும். முதல் இடையிசையில் எல்லாம் இருக்கலாம். சரணம் தொடங்கும்போது கிட்டாரையும் ஷேக்கரையும் தூக்கிவிட்டால் பாடுகிறவருக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். கடைசிப் பல்லவிக்கு முன்னால் ஒரே ஒரு பார் முழு மௌனம் வைத்துப் பாருங்கள், அதே பழைய லூப் திரும்பி வரும்போது உங்களுக்கே புதிதாகக் கேட்கும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும்.

புதிதாக எழுத வேண்டியது சரணத்து மெட்டு மட்டும்தான், அதைக் கணினி முன்னால் உட்கார்ந்து தேடாதீர்கள். மாடிக்குப் போய் முணுமுணுத்து போனில் பதிந்துகொண்டு வாருங்கள்.

அப்புறம், சவுண்டு தேடுவதற்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். மெட்டு போடுகிற நேரத்தில் கிக் ட்ரம் சாம்பிள் (பதிந்து வைத்த ஒலித்துணுக்கு) தேடப் போனால், இருநூறாவது கிக்கைக் கேட்டு முடிக்கும்போது மெட்டு மறந்திருக்கும். பிடித்த இருபது சவுண்டை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொண்டு அடுத்த ஐந்து பாட்டுக்கு அதையே ஓட்டுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது.

ரெக்கார்டு செய்யும்போது ஹெட்போனில் என் குரல் எனக்கே பின்தங்கிக் கேட்கிறது. பஃபரை (கணினி ஒலியைக் கையாளும் முன் சேர்த்துவைக்கும் அளவு) குறைத்தால் டப் டப் என்று வெடிக்கிறது. புது லேப்டாப் வாங்க வேண்டுமா?
திண்டுக்கல் வாசகி

வேண்டாம், பொறுங்கள். பஃபர் 1024 சாம்பிள், சாம்பிள் ரேட் (ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு வழிக்கு 23 மில்லிவிநாடி ஆகிறது, குரல் உள்ளே போய் வெளியே வர ஏறக்குறைய 46. காற்றில் ஒலி 16 மீட்டர் நடக்க எடுக்கும் நேரம் அது. சுவாமி ஊர்வலத்தில் தவில் இங்கேயும் நாதஸ்வரம் 16 மீட்டர் தள்ளியும் போனால் எப்படி இருக்கும், அதுதான் உங்கள் ஹெட்போனுக்குள் நடக்கிறது. 128 வைத்தால் ஒரு வழிக்கு 3 மில்லிவிநாடிகூட இல்லை, யாருக்கும் தெரியாது.

வெடிப்புச் சத்தம் வருவது, பாடும் நேரத்திலேயே இருபது ப்ளக்இன் (இசைக்கருவி, எஃபெக்ட் தரும் துணை மென்பொருள்) ஓடிக்கொண்டிருப்பதால். கனமான ட்ராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (ப்ளக்இன் ஓடாமல் வெறும் ஆடியோவாக மாற்றி வைப்பது), அல்லது இன்னும் சுலபமாக, பின்னணி முழுவதையும் ஒரே ஸ்டீரியோ ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, புது ப்ராஜெக்டில் அதையும் குரல் ட்ராக்கையும் மட்டும் வைத்துப் பாடுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், குரல் கணினிக்குள் போய்வராமல் நேரே காதுக்கு வரும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸோடு வரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். புளூடூத் ஹெட்போனா? கழற்றி வையுங்கள், பஃபரை எவ்வளவு குறைத்தாலும் அதன் தாமதம் போகாது.

இதில் நானே ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். பாட வந்தவர் குரல் தள்ளி வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அரை மணி நேரம் கேபிளை மாற்றி மாற்றிச் செருகினேன். கடைசியில் பார்த்தால், எல்லா ட்ராக்கும் வந்து சேரும் மாஸ்டர் ட்ராக்கில் முந்தின நாள் ராத்திரி போட்ட லிமிட்டர், சத்தம் எல்லை மீறாமல் பிடிக்கும் ப்ளக்இன். அடுத்து வரும் ஒலியை முன்கூட்டிப் பார்த்துத்தான் அது வேலை செய்கிறது, அதற்காக மொத்தப் பாட்டையும் கொஞ்சம் தாமதப்படுத்தும். பாட்டே முடியாமல் மாஸ்டரிங் (கடைசி மெருகு) செய்த என்னைத்தான் சொல்ல வேண்டும். பாடி முடித்த பிறகு பஃபரை 1024க்கு ஏற்றிவிட்டு மிக்ஸ் பண்ணுங்கள், முடிந்தால் மறுநாள்.

எந்தச் சாஃப்ட்வேர் நல்லது?
பெயர் சொல்லாத வாசகர்

உங்களிடம் ஏற்கெனவே இருப்பது. மேக் என்றால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பரை 60 நாள் முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

என் பாட்டு சினிமாப் பாட்டு அளவுக்குச் சத்தமாக இல்லையே?
சேலம் வாசகர்

இப்போதைக்கு இருக்க வேண்டாம். 24 பிட்டில், சத்தத்தின் உச்சம் மைனஸ் 10 டெசிபல் பக்கம் (மீட்டரின் மேல் எல்லை 0) வருகிற மாதிரி பதியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆசையிருந்தால் அந்தச் சினிமாப் பாட்டை ஒரு ட்ராக்கில் இழுத்துப் போட்டு, *அதன்* வால்யூமை உங்கள் மிக்ஸ் அளவுக்குக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். சத்தமான எதுவும் காதுக்கு நல்லதாகவே படும், அந்தத் தந்திரத்தில் விழாதீர்கள்.

நண்பனின் குறும்படத்துக்கு இசை. அவன் கணினியில் என் ப்ராஜெக்டைத் திறந்தால் பாதி ட்ராக் காலி. மீதியும் சுருதி ஏறிக் கேட்கிறது. பேய் வேலையா?
மதுரை வாசகர்

இரண்டு பேய். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் ஆடியோ இல்லை, அது இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கிறது. ஏபிள்டன் சாஃப்ட்வேரில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', எஃப்எல்லில் ஜிப் செய்யப்பட்ட லூப் பேக்கேஜ் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் வழி இருக்கிறது, அதில் அனுப்புங்கள். அவனிடம் உங்கள் ப்ளக்இன்கள் இருக்காது என்பதால் ஒவ்வொரு ட்ராக்கையும் பாட்டின் தொடக்கத்திலிருந்தே வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து கொடுப்பது இன்னும் நல்லது.

சுருதி விஷயம் சாம்பிள் ரேட். வீடியோவில் 48 கிலோஹெர்ட்ஸ் வழக்கம், நீங்கள் 44.1இல் செய்திருப்பீர்கள். மாற்றாமல் அப்படியே 48இல் ஓடினால் வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடி, ஐந்து கட்டையில் பாடியது ஐந்தேமுக்கால் கட்டைக்குப் போய்விடும். பாடியவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், குறும்படம் பார்த்துவிட்டு யார் இது என்று கேட்கப்போகிறார்.