ஸ்ட்ரிப்பில் என்ன நொதி? கேட்டுவிட்டு வாங்குங்கள்

இந்த மாதம் மூன்று கேள்விகளும் சுங்கை சிப்புட்டிலிருந்துதான் வந்திருக்கின்றன.

கேள்வி: அம்மாவுக்கு இனிப்பு நீர். ரம்புத்தான் உரித்த கையோடு விரலைக் குத்தி ரத்தச் சர்க்கரை மீட்டரில் பார்த்தார், 14.8 (மில்லிமோல்/லிட்டர்) காட்டியது. பதறிப்போய் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம், அங்கே 7.1. மீட்டர் கெட்டுவிட்டதா? (வாசகி, தோட்ட வீடமைப்பு)

பதில்: பெரும்பாலும் மீட்டர் நன்றாகத்தான் இருக்கும், விரலில் இருந்த பழச்சாறுதான் காரணம். மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பின் நுனியில் ஒரு நொதி (என்சைம்) காய்ந்து ஒட்டியிருக்கிறது. அது குளுக்கோஸைப் பிடித்து 2 எலக்ட்ரான்களைக் கழற்றி ஒரு இடைநிலை வேதிப்பொருளிடம் கொடுக்கும், அந்தப் பொருள் மின்முனைக்குக் கொண்டுபோகும், அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. குளுக்கோஸ் ரத்தத்தில் இருந்ததா, பழத்தில் இருந்ததா என்று நொதிக்குத் தெரியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அளவு 6 என்றால் 1 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் ஏறக்குறைய 1 மைக்ரோகிராம்தான், விரலில் பழத்தின் குளுக்கோஸ் அதே அளவு ஒட்டியிருந்தாலே எண் இரண்டு மடங்காகிவிடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது, குழாய்த் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு அப்புறம் குத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: மாமா வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறார். எந்தச் சர்க்கரை மீட்டர் வாங்கினாலும் சரிதானே?

பதில்: சரியில்லை. ஸ்ட்ரிப்பில் எந்த நொதி இருக்கிறது என்பதைப் பொறுத்தது, தயவுசெய்து இதைக் கவனமாகப் படியுங்கள். 1962ல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் முன்வைத்த முதல் நொதி மின்முனையில் இருந்தது குளுக்கோஸ் ஆக்சிடேஸ். இன்று அதை ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து நிறைய எடுக்கிறார்கள். குளுக்கோஸைத் தவிர மற்ற சர்க்கரைகளை அது அனேகமாகத் தொடாது, ஆனால் எலக்ட்ரானை ஆக்சிஜனிடமும் கொடுத்துவிடும் என்பதால் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளிக்கு அளவு குறைத்துக் காட்டலாம். அந்தத் தொல்லை இல்லாத நொதி வேண்டும் என்று போய் எடுத்ததுதான் பி.கியூ.கியூ வகை குளுக்கோஸ் டிஹைட்ரஜனேஸ். அதற்கு ஆக்சிஜன் பொருட்டில்லை, ஆனால் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையையும் குளுக்கோஸ் என்றே எண்ணிவிடும். டயாலிசிஸ் திரவம் சிலவற்றில் இருக்கும் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருள் உடம்புக்குள் போய் மால்டோஸாக உடைகிறது. உண்மையில் சர்க்கரை இறங்கிக் கிடக்கும்போது மீட்டர் உயரமாகக் காட்டும், அதை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. இப்படி 13 இறப்புகள் பதிவானதைச் சொல்லி அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2009ல் எச்சரிக்கை விட்டது. ஸ்ட்ரிப்பில் வரும் இன்னொரு நொதியான எஃப்.ஏ.டி வகை டிஹைட்ரஜனேஸ் மால்டோஸிடம் ஏமாறாது, ஆக்சிஜனையும் கண்டுகொள்ளாது. ஆகவே மலிவு விலை என்று ஆன்லைனில் எடுக்காமல், ஸ்ட்ரிப் பெட்டியையும் மாமாவின் திரவப் பையையும் டயாலிசிஸ் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) காட்டி, இது இரண்டும் ஒத்துப்போகுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: கரும்புச்சாற்றில் நொதி போட்டு மின்சாரம் எடுத்து போன் சார்ஜ் செய்ய முடியுமா? பள்ளி புராஜெக்டுக்குக் கேட்கிறேன். (படிவம் 5 மாணவர்)

பதில்: யோசனை நல்ல யோசனை, தம்பி. மீட்டரில் நடக்கும் அதே வேலைதான், ஒரு முனையில் சர்க்கரையிலிருந்து எலக்ட்ரானை எடுக்க ஒரு நொதி, மறுமுனையில் அதை ஆக்சிஜனிடம் சேர்க்க இன்னொன்று. 2007ல் சோனி இப்படி ஒரு மின்கலம் செய்து, நான்கை இணைத்து வாக்மேனை ஓட்டிக் காட்டியது, ஒன்றின் திறன் 50 மில்லிவாட். சாதாரண 5 வாட் சார்ஜருக்கு அப்படி 100 வேண்டும். குளுக்கோஸ் முழுக்க எரிந்தால் 24 எலக்ட்ரான்கள் கிடைக்கும், ஒரு நொதி எடுப்பதோ இரண்டுதான், அதுவும் சீக்கிரம் செயலிழந்துவிடும். ஆகவே போனை விட்டுவிட்டு மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தைக் காட்டு, அதுவே நல்ல புராஜெக்ட். இன்னொன்று, கரும்புச்சாற்றில் உள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ் (சாதாரண சீனி), குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அதைத் தொடாது. முதலில் இன்வர்டேஸ் என்ற நொதியைச் சேர்த்து உடைக்க வேண்டும், இல்லையென்றால் கடையில் விற்கும் குளுக்கோஸ் மாவையே கரைத்துத் தொடங்கு.