விக்கி நடத்த ஆண்டுக்கு 1,200 வெள்ளி கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி: செம்பவாங் பக்கம் நாங்கள் பன்னிரண்டு தொண்டூழியர்கள். பழைய கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளையும் படங்களையும் ஒரு விக்கியாக, அதாவது எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையதளமாகத் தொகுக்க ஆசை. பாதிப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள், ஒரே ஒருவருக்குத்தான் கணினி விஷயம் கொஞ்சம் தெரியும். ஒரு நிறுவனம் மென்பொருள், பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 1,200 வெள்ளி கேட்கிறது. கொடுக்கலாமா, இல்லை இலவசமாகக் கிடைப்பதே போதுமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். இந்த வேலைக்கு ஏற்ற மீடியாவிக்கி, டோக்குவிக்கி, புக்ஸ்டாக் மூன்றுமே இலவச மென்பொருள்கள்தான். அவர்கள் கேட்கும் பணம் மென்பொருளுக்கு அல்ல, சர்வர் இடத்துக்கும் பேக்கப்புக்கும் அப்டேட் செய்யும் ஆள்கூலிக்கும். அது நியாயமான செலவாகவே இருக்கலாம். ஆனால் பேக்கப் எத்தனை நாளுக்கு ஒருமுறை, அதன் நகல் உங்கள் கைக்கு வருமா, நீங்கள் விலகும்போது எதையெல்லாம் ஒப்படைப்பார்கள், இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் வேலைக்கு என் தேர்வு மீடியாவிக்கி. விக்கிப்பீடியா ஓடுவது இதில்தான், அதனால் பக்கத்தின் அமைப்பு பலருக்கும் ஏற்கெனவே பழக்கம், மெனுக்களும் தமிழில் கிடைக்கும். 2020-ல் வந்த 1.35 பதிப்பிலிருந்து விசுவல் எடிட்டர் கூடவே வருகிறது, வேர்டில் அடிப்பதுபோல அடித்துவிட்டுச் சேமிக்கலாம், சதுர அடைப்புக்குறி, நட்சத்திரக்குறி எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பணி ஓய்வு பெற்றவர்கள் எழுதப்போகும் விக்கிக்கு இதைவிடப் பெரிய விஷயம் இல்லை என்பேன். உங்களிடம் சர்வர் பார்க்க ஆள் இல்லை, அதனால் மிராஹீஸில் விண்ணப்பித்துப் பாருங்கள். லாப நோக்கமில்லாத அமைப்பு, மீடியாவிக்கி தளங்களை விளம்பரம் இல்லாமல் இலவசமாக நடத்தித் தருகிறது. ஃபேண்டம் என்ற விக்கித் தளமும் இலவசம்தான், ஆனால் பக்கமெங்கும் விளம்பரம் வரும், ஒரு தாத்தாவின் நினைவுக்குப் பக்கத்தில் அது இருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

டோக்குவிக்கியும் நல்ல சரக்கு. டேட்டாபேஸே கிடையாது, எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகள், ஃபோல்டரைக் காப்பி எடுத்தால் பேக்கப் முடிந்தது. ஆனால் தமிழுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கத் தலைப்பையே கோப்பின் பெயராக வைத்துக்கொள்ளும் அந்த மென்பொருள், சாதாரண அமைப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறியையும் ஒன்பது எழுத்தாக மாற்றும் (புள்ளியும் துணைக்காலும் தனித்தனிக் குறிகள்). கோப்புப் பெயருக்கோ பெரும்பாலான சர்வர்களில் 255-தான் எல்லை. 'செம்பவாங் கடற்படைத் தள நினைவுகள்' என்று தலைப்பு வைத்தால் 29 குறி, 261 எழுத்து, எல்லை தாண்டிவிடும். தொடக்கத்திலேயே கோப்புப் பெயர் அமைப்பை யுடிஎஃப்-8 (தமிழ்க் குறிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் முறை) என்று மாற்றிவிட்டால் சரி, பாதி வழியில் மாற்றினால் பழைய பக்கங்கள் காணாமல் போனதுபோல் ஆகிவிடும். மீடியாவிக்கியில் அதே தலைப்பு எல்லையில் பாதியைக்கூடத் தொடாது. புக்ஸ்டாக் அலமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கி வைக்கும், கையேட்டுக்கு அருமை. ஒரு குடும்பத்திலிருந்து இன்னொரு குடும்பத்துக்குத் தாவும் கதைகளுக்குப் பொருந்தாது.

எந்த மென்பொருளை எடுத்தாலும், விக்கியில் உள்ளதை எல்லாம் முதல் மாதமே வெளியே எடுத்துப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்களும் ஓர் இலவசச் சேவையில் விக்கி நடத்தினோம், மூடப்போகிறோம் என்று மின்னஞ்சல் வந்ததும் எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தி ஒரு கோப்பை எடுத்து நிம்மதியாக இருந்துவிட்டோம். திறந்து பார்த்தபோது எழுத்து மட்டும்தான் இருந்தது, படங்கள் ஒன்றுகூட இல்லை. மீடியாவிக்கியின் எக்ஸ்போர்ட்டும் அப்படித்தான், படங்களைத் தனியாக எடுக்க வேண்டும். உங்களிடம் இருப்பவை இன்னொரு பிரதி இல்லாத பழைய படங்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் தேடல். 'நூலகம்' என்று தேடினால் 'நூலகத்தில்' என்று எழுதிய பக்கம் வராது, 'நூலக' என்று அடித்துக் கடைசியில் ஒரு நட்சத்திரக்குறி போடச் சொல்லிக்கொடுங்கள். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம் என்று விட்டால் ஸ்பேம் வந்து குவியும், பன்னிரண்டு பேருக்கும் நீங்களே கணக்குத் திறந்து கொடுத்துவிடுங்கள். யாராவது பெரியவரின் தொலைபேசி எண்ணைப் பக்கத்தில் போட்டுவிட்டு அழித்தாலும் பழைய பதிப்பில் அது அப்படியே இருக்கும், நிர்வாகிதான் தனியாக மறைக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை சமூக மன்றத்தில் உட்காருங்கள். குழுவில் மூத்தவரிடம் ஒரு பழைய படத்தையும் மடிக்கணினியையும் கொடுத்து, படத்தை ஏற்றி மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். அவர் எங்கே நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள், மௌஸைப் பிடுங்காதீர்கள்.