மொறிஸ் மைனருக்கு கேட் மொடல் வாங்கலாமா?

கேள்வி: நான் பொறியியல் இறுதி ஆண்டு மாணவன். மொறிஸ் மைனர் காரைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்று கணினியில் கணித்துப் பார்ப்பதுதான் என் புரொஜெக்ட். இணையத்தில் அந்தக் காரின் கேட் (CAD) மொடல், அதாவது கணினியில் வரைந்த முப்பரிமாண வடிவம், ஒன்று 60 டொலருக்கு இருக்கிறது. படத்தில் அச்சு அசல் கார் மாதிரியே இருக்கிறது. இலவசமாகவும் சில கிடைக்கின்றன. காசு கொடுத்தே வாங்கவா? (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, அந்த 60 டொலரை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். படத்தில் வடிவாக இருப்பதும் கணிப்புக்கு உதவுவதும் வேறு வேறு விஷயங்கள்.

டேர்போஸ்க்விட், சிஜிட்ரேடர் போன்ற தளங்களில் விற்கும் கார் மொடல்களில் பெரும்பாலானவை விளம்பரப் படம், அனிமேஷன், கணினி விளையாட்டு ஆகியவற்றுக்குச் செய்யப்பட்டவை. திருவிழாச் சப்பறத்தை முன்னால் நின்று பார்த்தால் கோபுரம், பின்னால் போனால் சட்டமும் கடதாசியும்தானே? இவையும் அப்படித்தான். முக்கோணங்களால் பின்னிய ஒரு வலை. தகட்டுக்குத் தடிப்பே இருக்காது. கதவு இடுக்கில் ஓட்டை இருக்கும். அடிப்பக்கம் திறந்தே கிடக்கும். காற்றோட்டக் கணிப்புக்கு ஓட்டையே இல்லாத, முழுதாக மூடிய உடல் வேண்டும். ஒரு ஓட்டை இருந்தாலும் மென்பொருளுக்கு எது உள்ளே எது வெளியே என்று விளங்காது. அதை அடைக்கவே உங்களுக்கு வாரக்கணக்கில் போய்விடும்.

அதனால் வாங்க முன்னர் விலையைப் பார்க்க வேண்டாம், கோப்பு வகையைப் பாருங்கள். எஃப்பிஎக்ஸ், ஓபிஜே, எஸ்டிஎல் மட்டும் இருந்தால் அது வலை. ஸ்டெப் அல்லது ஐஜெஸ் இருந்தால், வலையாக இல்லாமல் வளைவுகளை அளவோடு வரைந்த உண்மையான கேட் மொடலாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். ஏனென்றால் வலையை அப்படியே ஸ்டெப்பாக மாற்றி ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். திறந்து பார்த்தால் பொனற்றில் மட்டும் ஆயிரக்கணக்கான குட்டி முக்கோணங்கள் இருக்கும். விற்பவருக்கு ஒரு செய்தி அனுப்பி, நிழலும் நிறமும் இல்லாமல் கோடுகள் மட்டும் தெரியும் படம் ஒன்று கேளுங்கள். நல்ல விற்பனையாளர் உடனே அனுப்புவார். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது, அது எந்த மைனர்? 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வந்த கார் 1971 வரை தயாரிக்கப்பட்டது, ஆனால் கடைசி வரை ஒரே வடிவம் அல்ல. முதல் வந்தவற்றில் முன்விளக்கு கிரில்லோடு சேர்ந்து தாழ்வாக இருந்தது, பிறகுதான் மட்காட்டுக்கு ஏறியது. 1956 வரை முன்கண்ணாடி நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டு; அந்த வருடம் வந்த மைனர் 1000இலிருந்து வளைந்த ஒரே கண்ணாடி, பின்கண்ணாடியும் பெரிதானது. தலைப்பில் ‘மைனர் 1000’ என்று போட்டுவிட்டு இரட்டைக் கண்ணாடி வைத்திருந்தால், செய்தவர் காரை நேரில் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பொனற்றின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு தட்டையான பட்டை ஓடும், பார்த்திருப்பீர்கள். காரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ், தயாரிப்புக்குப் போகும் கடைசி நேரத்தில் கார் ஒடுங்கிப் போய்த் தெரிகிறது என்று மாதிரிக் காரை நெடுக இரண்டாக வெட்டி, 4 அங்குலம் விலக்கி வைத்துப் பார்த்தார். அந்த 4 அங்குலம்தான் அந்தப் பட்டை. மேலோட்டமாகச் செய்த மொடல்களில் இது காணாமல் போயிருக்கும், அல்லது வெறும் கோடாக இருக்கும். காற்று முதலில் ஏறுகிற இடமே அதுதான், உங்கள் கணிப்புக்கு இது முக்கியம்.

அளவையும் சரிபாருங்கள். முன் சில்லு மையத்திலிருந்து பின் சில்லு மையம் வரை 86 அங்குலம், அதாவது 2184 மில்லிமீற்றர். முழு நீளம் 148 அங்குலம், ஏறத்தாழ 3760 மில்லிமீற்றர். எஸ்டிஎல் கோப்பில் அலகு பதியாது. கார் 148 மில்லிமீற்றர் நீளமாகத் திறந்தால் பயப்பட வேண்டாம், அங்குலத்தில் செய்திருக்கிறார்கள், 25.4ஆல் பெருப்பியுங்கள். ஆனால் நீளம் சரியாக வந்தும் சில்லுகளுக்கு இடைப்பட்ட தூரம் பிழையாக வந்தால், அந்த மொடல் கண்பார்வைக்கு வரைந்தது. அதைத் திருத்த முடியாது.

சரி, பிறகு என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் இருக்கிற உங்களுக்கு வேறு ஊர் மாணவருக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது: அந்தக் கார் இன்றும் நம் ஒழுங்கைகளில் ஓடுகிறது. தெரிந்தவர் ஒருவரிடம் கேட்டு, மேகமூட்டமான ஒரு காலையில் காரைச் சுற்றி வந்து கைபேசியால் நெருக்க நெருக்கமாகப் படம் எடுங்கள். ஒவ்வொரு படமும் முந்திய படத்தின் பெரும் பகுதியைத் தொட வேண்டும். கண்ணாடியும் குரோமும் மினுங்கி மென்பொருளைக் குழப்பும், அந்த இடங்களில் மாஸ்கிங் டேப் துண்டுகளை ஒட்டுங்கள். மெஷ்ரூம் என்ற இலவச மென்பொருள் அந்தப் படங்களிலிருந்து வடிவத்தை எடுத்துத் தரும். என்விடியா கிராபிக்ஸ் அட்டை உள்ள கணினி வேண்டும். கிடைத்த வடிவத்தை அடியில் வைத்து, ஃப்ரீகேட் என்ற இலவச வரைதல் மென்பொருளில் உடலை நீங்களே மூடி வரையுங்கள். ஆசனமோ டாஷ்போட்டோ உங்களுக்குத் தேவையே இல்லை. கிராப்கேட் தளத்தில் கிடைக்கும் இலவச மொடலை ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் செய்தவரின் பெயரைப் போடுங்கள்.

கேள்வி: அப்பாவின் மைனரில் டாஷ்போட் பிடி ஒன்று உடைந்துவிட்டது. 3டி பிரிண்ட் செய்யும் கடையில் ‘ஃபைல் கொண்டு வாருங்கள், அடித்துத் தருகிறோம்’ என்கிறார்கள். முழுக் காரின் மொடலை வாங்கினால் அதிலிருந்து எடுக்கலாமா? (சண்டிலிப்பாய் வாசகி)

பதில்: வேண்டாம். முழுக் கார் மொடலில் பிடி வெறும் உருண்டையாகத்தான் இருக்கும். தண்டு போகும் துளையை யாரும் அளந்து செய்திருக்க மாட்டார்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கிப் போடாமல் பசை போட்டு ஒட்டிக் கடைக்குக் கொண்டு போங்கள். வேர்னியர் அளவுகோல் வைத்து அளந்து அங்கேயே வரையலாம், அரை மணி நேர வேலை. முதல் ஒன்றை மலிவான பிளாஸ்டிக்கில் அடித்து, தண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் கடைசி ஒன்றை அடிக்கச் சொல்லுங்கள்.

எந்த பிளாஸ்டிக் என்று கட்டாயம் கேளுங்கள். கடைகளில் வழக்கமாகப் போடுவது பிஎல்ஏ. அது 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் டாஷ்போட் அந்தச் சூட்டை எட்டிவிடும், பிடி வளைந்துபோகும். ஏபிஎஸ் அல்லது ஏஎஸ்ஏ கேளுங்கள், 100 பாகை வரை தாங்கும். வெயில் நேரே படும் இடம் என்றால் ஏஎஸ்ஏதான் நல்லது. பிரேக், ஸ்ரியரிங், பெற்றோல் குழாய் சம்பந்தமான எதையும், எவ்வளவு சின்னத் துண்டாக இருந்தாலும், பிரிண்ட் செய்து போட விடாதீர்கள். அப்பா அந்தக் காரை ஓட்டுகிறார்.

கேள்வி: கலியாண வீடுகளில் பரிசாகக் கொடுக்க 1:24 அளவில் பழைய கார் பொம்மைகள் செய்து விற்க நினைக்கிறேன். ‘ரோயல்டி ஃப்ரீ’ என்று போட்ட மொடல் ஒன்றைப் பார்த்தேன். பிரச்சினை வருமா? (நல்லூர் வாசகர்)

பதில்: ‘ரோயல்டி ஃப்ரீ’ என்றால் ஒருமுறை காசு கட்டினால் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் திரும்பக் கட்டத் தேவையில்லை என்பது மட்டும்தான். எல்லாம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. பிரிண்ட் செய்த பொருளை விற்கலாம் என்று உரிமத்தில் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். ‘எடிட்டோரியல்’ (செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும்) என்று குறித்திருந்தால் விற்பனைக்கு உதவாது. செய்தவர்கள் மற்றவர்களும் பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் என்சி (வணிகத்துக்கு அல்ல) என்று இருந்தாலும் அப்படியே. சந்தேகம் என்றால் செய்தவருக்கு எழுதிக் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். பலர் மகிழ்ச்சியாக அனுமதி தருவார்கள்.

காரின் வடிவத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கைத்தொழில் வடிவமைப்புப் பாதுகாப்பு கூடியது 15 வருடம்; மைனர் போன்ற பழைய கார்களுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது. ஆனால் அந்த மொடலை வரைந்தவரின் பதிப்புரிமை வேறு, அது இன்றும் உயிரோடு இருக்கிறது. வர்த்தகச் சின்னத்தைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம் என்பதால், மைனர் செய்வதென்றால் பொனற்றில் உள்ள மொறிஸின் எருதுச் சின்னத்தையும் மொறிஸ் என்ற பெயரையும் போடாமல் விடுங்கள். அந்த இடத்தில் மணமக்களின் பெயரைப் போட்டால் வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கும்.

1:24 அளவில் மைனர் 157 மில்லிமீற்றர் நீளம் வரும். பம்பரும் கதவுப் பிடியும் அந்த அளவில் நூல் போலாகிவிடும். தடிப்பு 1 மில்லிமீற்றருக்குக் குறைந்த இடங்களை முதலே தடிப்பாக்கி வரையுங்கள், இல்லாவிட்டால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே உடையும்.

கேள்வி: மொடல் வாங்கினேன், கோப்பு திறக்கவே இல்லை. பிரிண்ட் கடைக்குக் கொடுத்த முற்பணமும் வரவில்லை. யாரிடம் போவது? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: இரண்டும் வேறு வழி. கோப்புக்கு, பிழைச் செய்தியையும் விற்பனைப் பக்கத்தையும் உடனே ஸ்கிரீன்ஷொட் எடுத்து அந்தத் தளத்துக்கே முறையிடுங்கள். விபரித்தபடி கோப்பு இல்லை என்று காட்ட வேண்டும். ‘மனம் மாறிவிட்டது’ என்றால் தர மாட்டார்கள். தளம் கைவிட்டால் அட்டை கொடுத்த வங்கியில் கொடுப்பனவை மறுத்து எழுத்தில் கொடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

கடைக்கு, பற்றுச்சீட்டோடு யாழ். மாவட்டச் செயலகத்தில் உள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போங்கள், அல்லது 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு தராவிட்டால் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. அதுவும் கிடைக்கவில்லை என்றால் வாட்ஸ்அப்பில் கதைத்ததையும் காசு அனுப்பிய வங்கிச் சீட்டையும் அச்செடுத்துக் கொண்டு போங்கள்.