பழைய பென்ஸ் காரைக் குறைந்த விலைக்கு வாங்கி, பழுது பார்த்து ஓட்டினால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகாது. காசுக் கணக்கு மட்டும் கேட்பவருக்கு இந்த ஒரு வார்த்தை போதும், மேலே படிக்க வேண்டாம். நான் அந்தக் கட்டுப்படியாகாத வேலையை எட்டு வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதால் மற்றதையும் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது மெர்சிடிஸ் பென்ஸ் இ220, டபிள்யூ124 என்று சொல்லும் பழைய மாடல். 1994இல் பென்ஸ் இந்தியாவுக்கு வந்து, புனே பக்கம் டெல்கோ (பின்னாளில் டாடா மோட்டார்ஸ் ஆன கம்பெனி) ஆலையில் முதலில் பாகங்களைப் பூட்டி விற்றது இந்த மாடலைத்தான். 1995இல் வெளிவந்தது. என் வண்டி அந்த வருடக் கடைசியில் செய்தது, 1996 ஜனவரியில் பதிவானது. அன்று இருபது லட்சத்துக்கு மேல் விலை. நான் 2017இல் மயிலாப்பூரில் ஒரு டாக்டர் வீட்டில் 1,60,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஆல்ட்டோ கிடைப்பதே கஷ்டம். அதில்தான் எல்லோரும் விழுகிறோம். வண்டியின் விலை ஆல்ட்டோ அளவுக்கு இறங்கிவிட்டது, ஸ்பேரின் விலை இறங்கவில்லை. அது இன்றைக்கும் இருபது லட்ச ரூபாய் காரின் ஸ்பேர்தான்.

வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டில் செலவை எழுதி வருகிறேன். போன மாதம் வரை 5,87,000 ரூபாய். பெட்ரோலும் இன்சூரன்சும் இதில் சேர்த்தி இல்லை. எட்டு வருடத்துக்குப் பிரித்தால் மாதம் ஆறாயிரத்துச் சொச்சம். புதுக் காருக்குக் கட்டும் தவணையை விடக் குறைவுதானே என்று நானும் வீட்டில் வாதாடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் தவணைக்குத் தேதி உண்டு. இதற்குக் கிடையாது. ஏழு மாதம் ஒரு பைசா கேட்காமல் ஓடும், பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிய வாரத்தில் அறுபதாயிரம் கேட்கும்.

என் மனைவி ரூபாயில் கணக்குப் பார்ப்பதில்லை, பவுனில்தான். அதன்படி முதல் பவுன் போனது வயரிங்கில்.

வாங்கிய மூன்றாம் மாதம் சிக்னலில் நிற்கும்போது என்ஜின் இருமத் தொடங்கியது. மழை நாளில் இன்னும் மோசம். பளபளவென்று கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். ப்ளக் மாற்றினார்கள், காயில் மாற்றினார்கள், பெட்ரோல் பம்ப் மாற்றினார்கள். 31,000 ரூபாய்க்குப் பில் போட்டார்கள். இருமல் அப்படியே இருந்தது. அதைச் சொன்னபோது, "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இந்த வாக்கியத்தை எந்த ஒர்க்‌ஷாப்பில் கேட்டாலும் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அப்புறம்தான் ராயப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த மெக்கானிக் பாயிடம் போனேன். அவர் ஸ்கேனர் எதையும் எடுக்கவில்லை. "தம்பி, எந்த வருஷ வண்டி?" என்று கேட்டார். தொண்ணூற்றைந்து என்றேன். இன்ஜெக்டருக்குப் போகும் வயரின் மேலுறையைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, உள்ளே இருந்த சின்ன வயரை விரலால் வளைத்தார். அதன் மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கி விழுந்தது. உள்ளே செம்புக் கம்பி வெறுமனே தெரிந்தது.

இது என் வண்டிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. 1992 முதல் 1995 வரை செய்த பல பென்ஸ் பெட்ரோல் கார்களில் என்ஜின் வயரிங்குக்குப் போட்ட இன்சுலேஷன் சூட்டில் காய்ந்து உதிரும் ரகம். பத்துப் பதினைந்து வருடம் என்ஜின் சூட்டில் கிடந்தால் தொட்டாலே கொட்டும். கம்பியும் கம்பியும் உரசினால் முதலில் என்ஜின் தடுமாறும், கவனிக்காமல் விட்டால் கம்ப்யூட்டர் பெட்டியே போய்விடும். வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஜெர்மனியிலிருந்து புது வயரிங் வரவழைக்கலாம். என் பைக்கு அது எட்டவில்லை. பாய் ஓர் எலக்ட்ரீஷியனைப் பிடித்தார். அவர் வயரிங்கை மொத்தமாகக் கழற்றி, பிளைவுட் பலகையில் கிடத்தி, வளைவுக்கு வளைவு ஆணி அடித்து, ஒவ்வொரு வயராக அதே நிறத்தில் சூடு தாங்கும் வயர் போட்டு, பழைய சாக்கெட்டிலேயே பொருத்தினார். த்ராட்டிலுக்குள் போகும் வயரும் அதே ரகம் என்பதால் அதையும் பிரித்து மாற்றினார். ஒன்பது நாள், 22,500 ரூபாய். ஸ்டார்ட் செய்தபோது என்ஜின் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு அமைதி. பென்ஸ் வாங்கியதாக எனக்குத் தோன்றியது அன்றுதான். அதற்கு முன் மூன்று மாதமும் கடன் வாங்கியதாகத்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

அடுத்தது ஏசி. சென்னையில் ஏப்ரல் மாதம், நடு வெண்ட்டில் காற்று வரவில்லை. காலடியிலும் கண்ணாடிப் பக்கமும் மட்டும் வந்தது. இந்தக் காரில் காற்று எந்தப் பக்கம் போக வேண்டும் என்று திருப்பிவிடும் தகடுகளை இழுப்பது மோட்டார் இல்லை, வேக்குவம். என்ஜின் காற்றை உறிஞ்சும் விசையைச் சின்னக் குழாய்களில் கொண்டுவந்து, ரப்பர் ஜவ்வு வைத்த டப்பிகள் வழியாகத் தகட்டை அசைக்கிறார்கள். ஜவ்வு கிழிந்தால் தகடு அசையாது. டப்பியின் விலை சில நூறு ரூபாய்தான். ஆனால் அது உட்கார்ந்திருப்பது டேஷ்போர்டுக்குப் பின்னால். அதை மாற்ற ஸ்டீயரிங்கில் தொடங்கி முன்பக்கம் முழுவதையும் கழற்ற வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று பாட்டி சொல்வாரே, அதேதான்.

பாய் அப்போது சொன்ன யோசனைக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். "தொறக்கறதுதான் தொறக்கறோம், உள்ள இருக்கற எல்லாத்தையும் மாத்திடலாம். ரெண்டாவது தடவ தொறந்தா உங்க வீட்ல என்ன உள்ள விடமாட்டாங்க." கூலிங் காயில், எல்லா டப்பிகள், ஹீட்டர் குழாய், புளோயர் எல்லாம் சேர்த்து 48,000 ரூபாய். அது 2019. அன்றைய விலைக்கு இரண்டு பவுன். வண்டி வந்த அன்று மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் எங்கும் போகாமல், அபார்ட்மெண்ட் பார்க்கிங்கிலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மனைவி வெண்ட்டின் முன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இதுக்கு ரெண்டு பவுன் தகும்" என்றாள். வேறு எந்தப் பில்லுக்கும் அவள் இப்படிச் சொன்னதில்லை.

ஸ்பேர் வாங்குவது தனிக் கலை. பென்ஸ் பாகம் எதை எடுத்தாலும் 'ஏ' எழுத்தில் தொடங்கும் நம்பர் இருக்கும். பெரும்பாலும் அடுத்த மூன்று இலக்கம் அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் செய்தது என்பதைச் சொல்லும். என் வண்டிக்கு 124. பின் சஸ்பென்ஷனில் சில பாகங்கள் 201 என்று வரும், அது 190 என்ற சின்ன பென்ஸோடு பொதுவானது. இந்த நம்பர் தெரிந்தால் ஜி.பி. ரோட்டுக் கடைக்காரர் உங்களை வேறு மாதிரி நடத்துவார். தெரியாமல் போய் "பென்ஸுக்கு ஒரு புஷ் வேணும்" என்று கேட்டால் விலையும் வேறு மாதிரிதான் இருக்கும்.

பென்ஸ் நட்சத்திரம் போட்ட பெட்டியில்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. போஷ், லெம்ஃபோர்டர், சாக்ஸ் போன்ற கம்பெனிகள் பென்ஸுக்குச் செய்துகொடுப்பவை. அவர்களுடைய பெட்டியிலேயே வாங்கினால் விலை நன்றாகக் குறையும். அதற்கும் கீழே போய்விடாதீர்கள். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் முனையில் ஒரு ரப்பர் கப்ளிங் வரும், வெடித்துவிட்டால் கியர் மாற்றும்போதெல்லாம் 'டக்' என்று அடிக்கும். நான் 2,200 ரூபாய்க்கு ஒரு டூப்ளிகேட் போட்டேன். ஏழு மாதத்தில் பிய்ந்துவிட்டது. பிறகு 6,500 கொடுத்து நல்லது போட்டு ஐந்து வருடம் ஆகிறது. கூலியை இரண்டு முறை கொடுத்ததுதான் மிச்சம். உள் அலங்காரச் சாமான், ஜன்னல் சுவிட்ச், கதவுக் கைப்பிடி மாதிரி விஷயங்களுக்குப் புதுப்பேட்டை. கண்டம் போன வண்டியிலிருந்து கழற்றி வைத்திருப்பார்கள். பொறுமை வேண்டும். பின் ஜன்னல் சுவிட்ச் ஒன்றுக்காக நான் நான்கு மாதம் போய்வந்தேன்.

அரசாங்கச் செலவும் உண்டு. பதினைந்து வருடம் ஆனபின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் எனக்கு அந்தக் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது, 2025இல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000. இறக்குமதி வண்டி என்றால் 80,000. டெல்கோ ஆலையில் பூட்டிய வண்டி என்று நான் பெருமைப்படும் ஒரே இடம் ஆர்டிஓ ஆபீஸ்தான். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் 1500 சிசிக்கு மேல் 7,897, ஜிஎஸ்டி சேர்த்தால் ஒன்பதாயிரம் தாண்டும். பெட்ரோல், ஊருக்குள் லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்ததில்லை. டேங்கிலிருந்து என்ஜின் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட்டேன். நீங்களும் அதை முதல் வாரமே செய்யுங்கள். காய்ந்த ஹோஸில் பெட்ரோல் கசிந்து சூடான என்ஜினில் விழுவது விளையாட்டு இல்லை.

இவ்வளவு புலம்பியும் ஏன் வைத்திருக்கிறாய் என்றால், பானெட்டைக் காட்டுவேன். மற்றக் கார்களில் பானெட் சாய்வாக நிற்கும், குனிந்து நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். இதில் ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பானெட் செங்குத்தாக, கதவு மாதிரி நேராக நிற்கும். என்ஜினைச் சுற்றி மூன்று பேர் நிற்கலாம். "இத வரஞ்சவன் மெக்கானிக்க நெனச்சிருக்கான்" என்பார் பாய். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பிளாஸ்டிக் மூடி போட்டு மறைத்திருக்காது. நட்டைத் திருகினால் பாகம் கழலும், துடைத்து மாட்டினால் வேலை செய்யும். பேங்கில் உட்கார்ந்து நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கும் எனக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் இதைவிட நல்ல இடம் கிடையாது.

வைப்பரையும் சொல்லிவிடுகிறேன். முன் கண்ணாடிக்கு ஒரே ஒரு வைப்பர்தான். ஆனால் அது வெறும் அரை வட்டம் போடாது. மூலைக்குப் போகும்போது நீளும், நடுவில் வரும்போது சுருங்கும், கண்ணாடியில் 86 சதவீதத்தைத் துடைத்துவிடும். அடியில் இருக்கும் பற்சக்கர டப்பாவுக்கு வருடத்துக்கு ஒரு முறை கிரீஸ் வைக்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் நானும் பையனும் சேர்ந்து வைப்போம். பத்து ரூபாய்கூட ஆகாத ரிப்பேர். நோட்டில் அதையும் எழுதுகிறோம், பூஜ்யம் என்று.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் ஒரே கார் இதுவாகத்தான் இருக்கும் என்றால் வேண்டாம். ஒரு ஸ்பேருக்காக மூன்று வாரம் வண்டி ஜாக்கியில் நிற்கும், அப்போது ஆபீஸ் போக ஏதாவது வேண்டும். மெக்கானிக்கை முதலில் கண்டுபிடியுங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு வண்டி பார்க்கப் போங்கள். விற்பவர் "ஏசிக்குக் கொஞ்சம் கேஸ் மட்டும் போடணும்" என்றால் ஐம்பதாயிரத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்னொன்று, என் அனுபவம் தொண்ணூறுகளின் வண்டியோடு நின்றுவிடும். அதற்கப்புறம் வந்தவை வேறு ஜாதி. 2003 முதல் 2006 வரை வந்த டபிள்யூ211 இ-கிளாஸில் எலக்ட்ரானிக் பிரேக் பம்ப் இருக்கிறது. எத்தனை முறை பிரேக் பிடித்தீர்கள் என்று அது எண்ணிக்கொண்டே வரும். குறித்த எண்ணிக்கை ஆனதும், பம்ப் நன்றாகவே இருந்தாலும், மாற்றச் சொல்லிச் சிவப்பாக எழுதிக் காட்டும். ஏர் சஸ்பென்ஷன் வைத்த எஸ்-கிளாஸ் இரவு நிறுத்தியது காலையில் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும். அதையெல்லாம் ஆணி அடித்த பலகையில் வைத்துச் சரிசெய்ய முடியாது. நீங்கள் பார்த்து வைத்திருப்பது எந்த மாடல், எந்த வருடம் என்று கமெண்டில் போடுங்கள். தொண்ணூறுகளின் வண்டி என்றால், பாயைக் கேட்டுச் சொல்கிறேன். இப்போது அவருக்கு முழங்கால் வலி, வண்டிக்கு அடியில் படுப்பதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தபடி மகனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்.