நம்மூர் மழைக்கு நேரம் உண்டு: மோட்டார் ஓட்டும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரில் மழை, வெயில், புகைமூட்டத்தில் பைக் ஓட்டுவது பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மழை பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை, பலரும் கேட்டதை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஜொகூர் பாருவிலிருந்து தினமும் காலை நாலரை மணிக்குக் கிளம்பி இரண்டாம் பாலம் வழியாகச் சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸுக்கு வேலைக்கு வருகிறேன். கப்சாய் (எடை குறைந்த சின்ன பைக்) வண்டி. கிளம்பும்போது நட்சத்திரம் தெரியும், பாலத்தில் ஏறும்போது திடீரென்று காற்று வந்து வண்டியைத் தள்ளுகிறது, அப்புறம் கொட்டோ கொட்டென்று மழை. அந்த நேரத்தில் என்ன செய்வது? (துவாஸ் தொழிற்சாலை ஊழியர்)

தம்பி, நீங்கள் சொல்வது ‘சுமத்ரா ஸ்குவால்’. இரவில் சுமத்ரா மீதோ மலாக்கா நீரிணை மீதோ இடிமேகங்கள் ஒரு கோடு போலச் சேர்ந்து கிழக்கே நகர்ந்து வரும். விடியலுக்கு முன்னாலிருந்து நண்பகல் வரைக்குள் நம்மைத் தொடும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துபோய்விடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையும் அதற்கு முன்பின் மாதங்களிலும் இது அதிகம். மேற்கிலிருந்து வருவதால் துவாஸ்காரர்களுக்குத்தான் முதல் அடி, கிழக்கே சாங்கியில் இருப்பவன் அப்போது காய்ந்த சாலையில் ஓட்டிக்கொண்டிருப்பான். காற்றின் வேகம் சாதாரணமாகவே மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை போகும். சிங்கப்பூரில் பதிவான மிக வலுவான காற்று 1984 ஏப்ரல் 25 அன்று தெங்காவில் அடித்தது, மணிக்கு 144.4 கிலோமீட்டர்.

இதற்கு அறிகுறி உண்டு. மேற்கே அடிவானத்தில் கரும்பலகை போல ஒரு மேகம் நீளமாக நிற்கும், இருட்டில் அது தெரியாவிட்டாலும் மின்னல் காட்டிக்கொடுக்கும், அதற்கப்புறம் முகத்தில் சில்லென்று ஒரு காற்று படும். அந்தச் சில்லென்ற காற்று வந்துவிட்டால் மழைக்குச் சில நிமிடம்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாலத்தில் ஏறிய பிறகு ஒதுங்க இடமில்லை. அதனால் வீட்டில் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன்னாலேயே கைப்பேசியில் மழை ரேடாரைப் பாருங்கள், ‘மைஎன்வி’ செயலியில் இருக்கிறது. மேற்கே சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டை வருவது தெரிந்தால் அரை மணி நேரம் முன்னால் கிளம்புங்கள், இல்லாவிட்டால் அது கடந்ததும் கிளம்புங்கள். நடுவில் மாட்டாதீர்கள்.

மாட்டிக்கொண்டால்? கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கத் தோன்றும், அதைச் செய்யக்கூடாது. இறுக்கினால் உடம்பில் படும் காற்றெல்லாம் ஹேண்டிலுக்குப் போகிறது. முழங்கால்களால் வண்டியை அணைத்து, தோளைத் தளர்த்தி, உடம்பைக் கொஞ்சம் தாழ்த்தி, வேகத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். கன்டெய்னர் லாரிக்குப் பக்கத்தில் மட்டும் ஓட்டாதீர்கள். லாரி காற்றை மறைக்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கும், அதைத் தாண்டிய நொடியில் காற்று மறுபடி அறையும். கப்சாய் எடை குறைவு, ஒரு தடம் அப்படியே நகர்ந்துவிடும்.

கேள்வி: விரைவுச்சாலையில் மழை வந்தால் மேம்பாலத்துக்குக் கீழே சாலையோரமாகப் பத்து இருபது பேர் நிற்கிறோம். எல்லோரும் செய்வதுதானே, தப்பா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

தப்புதான். அவசரம் இல்லாமல் விரைவுச்சாலை ஓரத்தில் நிற்பது சட்டப்படி குற்றம். என் கவலை அபராதம் இல்லை. கனமழையில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு முன்கண்ணாடி வழியாக என்ன தெரியும் என்று நினைத்துப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறது வண்டி. அவர் உங்களைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைப்பதற்குள் நீங்கள் நிற்கும் இடம் வந்துவிடும்.

சில மேம்பாலங்களுக்குக் கீழே நமக்கென்றே சாலையிலிருந்து தள்ளி, தடுப்பு போட்டு மழை ஒதுங்கிடங்கள் கட்டியிருக்கிறார்கள். நீங்கள் தினமும் போகும் பாதையில் அவை எங்கே இருக்கின்றன என்று ஒரு வெயில் நாளில் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒதுங்கிடம் தூரம் என்றால் முந்தின வெளிவழியில் இறங்கி ஒரு புளோக்கின் கீழ்த்தளத்திலோ பெட்ரோல் நிலையத்திலோ நில்லுங்கள்.

கேள்வி: உணவு டெலிவரி செய்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் தினமும் மழை. நின்றால் ஆர்டர் தாமதம், ஓட்டினால் பயம். நல்ல ரெயின்கோட் எது? விழுந்தால் யார் பார்ப்பார்கள்? (பொங்கோல் வாசகர்)

ரெயின்கோட்டை அப்புறம் சொல்கிறேன், முதலில் மழை தொடங்கும் அந்தப் பத்து நிமிடத்தைச் சொல்லவேண்டும். ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியான வெயில் ஏறி, மூன்று நான்கு மணிக்கு இடியோடு கொட்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இதில் மோசமானது கொட்டும் மழை இல்லை, தூறல் விழ ஆரம்பிக்கும் நேரம். சாலையில் படிந்திருக்கும் எண்ணெய், டயர்ப் பொடி, தூசி எல்லாம் முதல் தண்ணீரோடு கலந்து மெல்லிய பசை மாதிரி ஆகிவிடும். நன்றாகப் பெய்தால் அது கழுவிப்போய்விடும்.

நான் விழுந்ததும் அப்படி ஒரு தூறலில்தான். அங் மோ கியோவில் வலப்பக்கம் திரும்புகிறேன், ஹெல்மெட் கண்ணாடியில் ஏழெட்டுத் துளிகூட விழவில்லை. தரையில் வரைந்திருந்த வெள்ளை அம்புக்குறிமேல் முன்சக்கரம் ஏறியபோது முன்பிரேக்கை விரலால் தொட்டேன், அவ்வளவுதான். சக்கரம் எனக்கு முன்னாலேயே போய்விட்டது. வேகம் இருபதுகூட இருக்காது. எழுந்து பார்த்தால் அம்புக்குறிமேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது, பக்கத்துத் தார் சும்மா ஈரமாக இருக்கிறது. காப்பிக்கடையிலிருந்து ஒரு சீனப் பெரியவர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். முழங்கை ஆறு வாரம் மடங்கவில்லை. அன்றிலிருந்து வெள்ளைக்கோடு, சாக்கடை மூடி, சாலைப் பணிக்குப் போட்ட இரும்புத் தகடு, பாலங்களின் இரும்பு இணைப்பு, இவற்றின்மேல் ஈரத்தில் நேராக மட்டும்தான் போகிறேன். சாய்க்கமாட்டேன், பிரேக் தொடமாட்டேன். பிரேக்கை அதற்கு முன்னாலேயே முடித்துவிட வேண்டும். முன் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக விடும் இடைவெளியை இரண்டு மடங்காக்குங்கள். டயர் பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும், டயர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்துவிட்டால் அடுத்த சம்பளம் வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

ரெயின்கோட்: மேல்சட்டை, கால்சட்டை தனித்தனியாக இருக்கும் செட் வாங்குங்கள். தலைவழியாகப் போடும் போன்சோ வேண்டவே வேண்டாம், காற்றில் பறந்து பின்சக்கரத்திலோ சங்கிலியிலோ சிக்கும். ஒரு அளவு பெரிதாக எடுங்கள், முதுகில் ஒளி பிரதிபலிக்கும் பட்டை இருக்கட்டும். கருமேகம் தெரிந்தால் உணவை எடுக்கும் இடத்திலேயே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். கைப்பேசித் திரையில் மழைத்துளி பட்டால் தானாக அழுத்தப்படும், வரைபடம் எங்கேயோ போய்விடும். அதைச் சரிசெய்கிறேன் என்று ஓடும் வண்டியில் விரலால் துடைக்காதீர்கள்.

விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். 2025 ஜனவரி 1 முதல் தளம்சார் ஊழியர்களுக்கான (உங்களைப் போலச் செயலி வழியாக வேலை செய்பவர்களுக்கான) சட்டம் நடப்பில் இருக்கிறது. ஆர்டர் வேலையில் இருக்கும்போது காயம்பட்டால், கம்பெனி ஊழியர்களுக்குள்ள அளவில் உங்களுக்கும் வேலைக்காய இழப்பீடு உண்டு. அடிபட்டால் சின்னக் காயம்தானே என்று மறைக்காமல் உடனே செயலி நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள், மருத்துவர் கொடுக்கும் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பத்து நிமிடம் தாமதமானால் சாப்பிடுபவர் பொறுத்துக்கொள்வார், தம்பி. ஆறு வாரம் கை மடங்காவிட்டால் வருமானத்துக்கு எங்கே போவீர்கள்?

கேள்வி: தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டி வண்டி நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யலாமா? (புக்கிட் தீமா வாசகர்)

செய்யாதீர்கள். காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால், ஸ்டார்ட்டரை அழுத்தும்போது பிஸ்டனுக்கு அந்தத் தண்ணீரை அமுக்க முடியாது, உள்ளே இருக்கும் கம்பியே வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள், எண்ணெய் தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, முழுக்க மாற்ற வேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்று வரும் டிசம்பர், ஜனவரி மழைக்கு மத்தியான மழையின் கணக்கு செல்லாது. விடாமல் நாள்கணக்கில் பெய்யும். 2025 ஜனவரி 10, 11 இரண்டு நாளில் சாங்கியில் பெய்த மழை ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியையே தாண்டியது. அந்த மாதிரி நாளில் காத்திருந்து பயனில்லை, எம்ஆர்டி ரயிலில் போய்விடுங்கள்.

கேள்வி: வெயிலுக்கு அரைக்கைச் சட்டைதானே நல்லது? புகைமூட்டத்தில் முகக்கவசம் உதவுமா? (ஜூரோங் வாசகர்)

அரைக்கை வேண்டாம். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி போனது, 1983-இல் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். அந்த வெயிலில் வெற்றுத் தோலில் சூடான காற்று படப்பட உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், ஓடும்போது வியர்வை உடனே காய்வதால் நமக்குத் தெரியாது. மெல்லிய முழுக்கைச் சட்டை போடுங்கள், தாகம் எடுக்கும் முன்னாலேயே தண்ணீர் குடியுங்கள். சிக்னலில் நிற்கும்போது தலை லேசாகச் சுற்றினால் அடுத்த நிழலில் நிறுத்திவிடுங்கள்.

புகைமூட்டத்துக்கு என்95 உதவும், முகத்தோடு ஒட்டியிருந்தால் மட்டும். ஹெல்மெட் மாட்டும்போது அது நகர்ந்துவிடும், மாட்டிய பிறகு கையால் சரிபாருங்கள். 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401-ஐத் தொட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் எந்தக் கவசம் போட்டாலும் ஓட்ட வேண்டாம்.

கேள்வி: என் மகன் இப்போதுதான் 2பி (சின்ன பைக்குக்கான) லைசன்ஸ் எடுத்திருக்கிறான். மின்னல் அடித்தாலும் டயர் ரப்பர்தானே, ஒன்றும் ஆகாது என்கிறான். உண்மையா? தீபாவளிக்கு அவனுக்கு என்ன வாங்கித் தரலாம்? (ஈசூன் வாசகி)

உண்மை இல்லை அக்கா. மேகத்திலிருந்து தரை வரைக்கும் காற்றைப் பிளந்துகொண்டு வரும் மின்னலுக்கு ஓர் அங்குல ரப்பர் தடையே இல்லை. காருக்குள் இருப்பவரை மின்னலிலிருந்து காப்பது சுற்றிலும் உள்ள இரும்புக்கூடு, பைக்கில் அது கிடையாது. இடி கேட்டால் கட்டடத்துக்குள் ஒதுங்கச் சொல்லுங்கள், மரத்தடியில் நிற்கவே கூடாது.

தீபாவளி வருவது சரியாக இடிமழை மாதங்களில்தான், சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் நனைந்திருப்பீர்கள். சட்டையோடு சேர்த்து அவனுக்கு நீர் புகாத கையுறை ஒரு ஜோடி வாங்குங்கள். பிள்ளைகள் அழகுக்காகக் ஹெல்மெட்டில் கறுப்பு வைசர் (முகக்கண்ணாடி) போட்டிருப்பார்கள், மழையில் மாலை ஐந்து மணிக்கே அதில் ஒன்றும் தெரியாது. அவன் ஹெல்மெட்டைக் கடைக்கு எடுத்துப்போய் அதற்குப் பொருந்தும் தெளிவான வைசரும் உள்ளே ஒட்டும் பனி பிடிக்காத தாளும் கேளுங்கள். கடைக்காரரையே மாட்டித்தரச் சொல்லுங்கள், முதல் தடவை ஒட்டும்போது ஓரத்தில் இடைவெளி விழுந்தால் நடுவில் பனி பிடித்துவிடும்.